எல்லா ஆட்சியிலும் மந்திரி: குமாரமங்கலம் சுப்பராயன் பற்றி ஒரு நீண்ட இழை

வாசகர் ஒருவரின் பதிவு, ஜூன் 4

"டாக்டர் ப. சுப்பராயனைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் ரொம்பப் பெருமை பேசுகிறார்கள். எனக்குப் புரியவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில் முதல் மந்திரி, ராஜாஜி ஆட்சியில் மந்திரி, ஓமந்தூரார் ஆட்சியில் மந்திரி, நேரு ஆட்சியில் மந்திரி, கடைசியில் கவர்னர். யார் மாலை கொண்டு வந்தாலும் கழுத்தை நீட்டியிருக்கிறார். இவர் செய்தது என்று ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்."

ஜூன் 4, இரவு

சொல்கிறேன். ஆனால் முதலில் வரிசையைச் சரியாக வைத்துக்கொள்வோம். 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை சென்னை மாகாண முதல் மந்திரி. 1937ல் ராஜாஜி அமைச்சரவையில் கல்வியும் சட்டமும். 1947ல் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறையும் போலீசும். அப்புறம் இந்தோனேசியாவுக்குத் தூதர். 1954ல் மாநிலங்களவை, 1957ல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை, 1959ல் மத்தியில் போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரி. 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர கவர்னர், அந்த அக்டோபரிலேயே காலமானார். நடுவில் அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தார். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர் என்பதை வேண்டுமென்றே தனியாக வைக்கிறேன். அதை நடுவில் செருகினால் இந்த இழை அந்தப் பக்கம் ஓடிவிடும்.

நான் அந்தப் பக்கத்துக்காரன்தான், வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன். எங்கள் அப்பாரு இவரைக் கடைசி வரை "ஜமீன்தார்" என்றுதான் சொல்வார். மந்திரி என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. டெல்லியில் கப்பலும் தபாலும் இவர் கையில் இருந்தபோதும் எங்கள் திண்ணையில் இவர் ஜமீன்தார்தான். ஆகவே பெருமை பேசும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். பாதிக்குப் பாதி உங்கள் கட்சிதான் நான்.

ஜூன் 5

"வெள்ளைக்காரன் ஆட்சியில் முதல் மந்திரி" என்பதை இன்றைய முதல்வர் பதவி போல நினைத்தால் கணக்கே தப்பும். 1919 சட்டத்தின்படி வந்தது இரட்டை ஆட்சி. நிதி, நிலவரி, போலீஸ், நீதி எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாகக் குழுவும் வைத்துக்கொண்டார்கள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, கலால், விவசாயம் மாதிரியானவை மட்டும் மந்திரிகளிடம். பள்ளிக்கூடம் கட்ட மந்திரி ஆசைப்படலாம், பணப்பெட்டிச் சாவி பக்கத்து அறையில் இருக்கும்.

இதில் 1926 தேர்தல் ஒரு வேடிக்கை. சட்டசபையில் மொத்தம் 132 பேர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98. காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி 41, நீதிக்கட்சி 21, மீதி 36 சுயேச்சைகளும் சில்லறைகளும். ஜெயித்த கட்சி, இரட்டை ஆட்சி இருக்கும்வரை பதவி ஏற்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டது. தோற்ற கட்சியும் இந்த எண்ணிக்கையில் எங்களால் முடியாது என்றது. கவர்னர் கோஷன் சுற்றுமுற்றும் பார்த்தார். கட்சிச் சார்பில்லாத ஒரு ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர், யாருக்கும் பரம விரோதி இல்லை. முப்பத்தேழு வயது. நியமன உறுப்பினர்களின் பலத்தை முட்டுக் கொடுத்து ஒரு அமைச்சரவையை நிற்க வைத்தார். ரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் என்று கூட இரண்டு பேர்.

அதாவது தனக்கென்று ஒரு கட்சிகூட இல்லாமல் மாகாணத்தின் முதல் மந்திரி. அவருடைய அரசியல் வாழ்க்கையின் குணமே இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். இவர் எந்தப் பதவியையும் மோதிப் பிடித்தவர் இல்லை. மோதிக்கொண்டவர்கள் இரண்டு பேரும் "சரி, இவர் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்ட இடத்தில் போய் உட்கார்ந்தவர். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதும் வசையாக எடுத்துக்கொள்வதும் அவரவர் இஷ்டம்.

ஜூன் 5, பிற்பகல்

"அப்படியென்றால் கவர்னர் கைப்பாவை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று பதில் வந்திருக்கிறது. முதல் இரண்டு வருஷத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும்.

1928ல் சைமன் கமிஷன் வந்தது. அதில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்று நாடே கொதித்தது. சென்னைச் சட்டசபையிலும் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. கூட இருந்த இரண்டு மந்திரிகளும் புறக்கணிப்புப் பக்கம், சுப்பராயன் எதிர்ப்பக்கம். அவர்கள் விலக வேண்டியதாயிற்று, இவரும் ராஜினாமா கொடுத்தார். கவர்னர் இவரைத் தேற்றி நிறுத்திவிட்டு, நீதிக்கட்சிக்காரரான கிருஷ்ணன் நாயரை நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக்கினார். நீதிக்கட்சித் தலைவர் பனகல் அரசர் பக்கம் குளிர்ந்தது. முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புது மந்திரிகள். நேற்றுவரை எதிரே உட்கார்ந்திருந்த நீதிக்கட்சி இன்று முட்டுக் கொடுக்கிறது, முதல் மந்திரி மட்டும் அதே ஆள்.

இந்த இடத்தில் நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். சைமன் விஷயத்தில் நாடு ஒரு பக்கம் நின்றது, அவர் இன்னொரு பக்கம்.

ஜூன் 6

ஆனால் அந்த இரண்டாவது பாதி அமைச்சரவையில்தான் காரியங்கள் நடந்தன. இதைச் சொல்லாமல் போனால் பாவம்.

அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி உரிமை ஆணை நீதிக்கட்சி காலத்திலேயே 1921ல் எழுதப்பட்டது. எழுதியதோடு சரி. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1928ல் முத்தையா முதலியார். பன்னிரண்டு இடங்கள் வந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவர் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இன்றைக்குத் தமிழ்நாட்டில் சுழற்சிமுறை என்று அரசு அலுவலகத்தில் எவனைக் கேட்டாலும் சொல்வானே, அதற்குப் பாட்டன் இந்தப் பன்னிரண்டுதான். பெரியார் முத்தையா முதலியாரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். முதல் மந்திரி பெயரை யாரும் சொல்வதில்லை.

1929ல் சென்னையில் சர்வீஸ் கமிஷன் வந்தது, இந்தியாவில் மாகாண அளவில் அதுதான் முதல். நான் வேலைக்கு வந்ததே அதன் பேரன் நடத்திய பரீட்சை எழுதித்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டமும் இவர் காலத்தில் நிறைவேறியது, 1929ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கியது. பேச்சு வரும்போது பெயர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருக்குப் போகும், அது நியாயமும்கூட. முத்துலட்சுமி ரெட்டி 1927ல் சட்டசபைக்கு வந்து துணைத் தலைவரானதும், தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் சேவையிலிருந்து விடுவிக்கும் சட்டத்தை 1929ல் கொண்டுவந்ததும் இதே சபையில். அதிலும் பெயர் அம்மையாருக்கு.

கவனித்தீர்களா? இவர் வீட்டுத் திண்ணையில் நடந்த கல்யாணங்களில் மாப்பிள்ளை எல்லாம் வேறு ஆட்கள்.

ஜூன் 6, இரவு

"அப்போ இவர் வெறும் திண்ணைதானா?" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். பொறுங்கள், 1932க்கு வருவோம்.

ஜூன் 8

இது கொஞ்சம் நீளும்.

1930 தேர்தலில் நீதிக்கட்சி திரும்பி வந்தது, முனுசாமி நாயுடு முதல் மந்திரி. சுப்பராயன் சாதாரண உறுப்பினராக எதிரே உட்கார்ந்தார். பதவி இல்லாத அந்த நேரத்தில்தான் அவர் முதல்முதலாகத் தன் பெயரில் ஒரு காரியம் செய்தார் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். அதே சமயம் குருவாயூர் கோயிலை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று கேளப்பன் உண்ணாவிரதம். மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணம், ஆகவே குருவாயூரும் நம் சட்டசபையின் எல்லைக்குள்தான். காந்தி எரவாடா சிறையில் இருந்தபடி கேளப்பனை நிறுத்தச் சொல்லி, தேவைப்பட்டால் தானும் சேர்ந்து உண்ணாவிரதம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். கோயிலின் அறங்காவலரான கோழிக்கோடு சாமூதிரி ராஜா, திறக்கச் சட்டம் இடம் தராது என்றார். அவர் சாக்குச் சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும், சாக்குக்கு ஆதாரம் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை உள்ளே விடாத வழக்கத்தைக் கோர்ட்டுகள் உரிமையாகவே அங்கீகரித்து வைத்திருந்தன. கோயிலுக்கு வருகிற மக்களில் பெரும்பாலோர் சம்மதித்தாலும் அறங்காவலர் கதவைத் திறக்க முடியாது.

சுப்பராயன் நவம்பரில் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தாழ்த்தப்பட்டவர்களின் கோயில் நுழைவுக்கு வழி செய்யும் சட்டம் வேண்டும் என்று. எதிர்த்து ஒரு ஓட்டும் விழவில்லை, நடுநிலை என்று சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள். தொடர்ந்து மசோதாவையும் எழுதினார். ஆனால் மதச் சடங்கு சம்பந்தப்பட்ட மசோதா என்பதால் மாகாண சபையில் வைக்கவே வைசிராயின் முன் அனுமதி வேண்டும். இதற்கிடையே குருவாயூர் இருந்த பொன்னானி தாலுகாவில், கோயிலைத் திறக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்து முடிந்தது. 1933 ஜனவரி 2ந் தேதி தொடங்குவதாக இருந்த உண்ணாவிரதத்தைக் காந்தி தள்ளி வைத்தார். காரணம், சுப்பராயன் மசோதாவுக்கு வைசிராய் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 23ந் தேதி வைசிராய் வில்லிங்டன் மறுத்தார். இது அகில இந்தியப் பிரச்சினை, ஒரு மாகாணம் தனியாகச் சட்டம் போட முடியாது என்று காரணம். டெல்லியில் ரங்கய்யர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் அனுமதி. அதுவும் இழுபட்டு, 1934ல் தேர்தல் வருகிற நேரம் காங்கிரஸ்காரர்களே கை விட்டதும் செத்தது.

இவர் மசோதா சட்டமாகவில்லை என்பது உண்மை. ஆனால் ஆறு வருஷம் கழித்து என்ன நடந்தது பாருங்கள். 1939 ஜூலை 8ந் தேதி மதுரையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார்களையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். கேஸ் வரும் என்று தெரிந்து ராஜாஜி அரசு அவசரமாகக் கோயில் நுழைவு அங்கீகார, பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அமைச்சரவையில் சுப்பராயனும் இருந்தார். 1947ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம். அந்த அமைச்சரவையிலும் இருந்தார். 1932ல் வைசிராய் வாசலில் நின்ற விஷயம் 1947ல் சட்டப் புத்தகத்தில் ஏறியபோது, தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த ஒரு சிலரில் இவர் ஒருவர்.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். கோயில் நுழைவு அவருக்குத் திடீரென்று வந்த ஞானம் போல இருக்கிறது. அப்படி இல்லை. அவர் மாமனார் மங்களூர் குத்முல் ரங்கராவ், 1897லேயே தாழ்த்தப்பட்டோருக்காக மிஷன் தொடங்கி, பள்ளிக்கூடம் நடத்தி, சொந்த ஜாதிக்காரர்களால் ஒதுக்கி வைக்கப்பட்டவர். அவர் மகள் ராதாபாயைத்தான் சுப்பராயன் கட்டினார். 1912ல் ஒரு கொங்குக் கவுண்டர் ஜமீன்தாருக்கும் சாரஸ்வத பிராமணப் பெண்ணுக்கும் கல்யாணம். இன்றைக்கே எங்கள் பக்கம் அப்படி ஒரு கல்யாணம் என்றால் ஊர்க்கூட்டம் கூடிவிடும். மேற்கொண்டு சொல்ல வேண்டாம், நம் ஊர்ச் செய்தி நீங்கள் படிக்கிறீர்கள்.

ராதாபாயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன முதல் இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர், மற்றவர் பேகம் ஷா நவாஸ். யாருக்கு ஓட்டுரிமை என்று முடிவு செய்ய வந்த லோதியன் கமிட்டியில் உறுப்பினர். 1938ல் டெல்லி மேல்சபைக்குப் போன முதல் பெண். கணவர் பெயரைச் சொல்கிற நம் ஊரில் மனைவி பெயர் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு.

ஜூன் 9

கட்சி மாறியதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். 1930களில் அவர் காங்கிரசுக்கு வந்தார். காசுக்காக என்று சொல்ல முடியாது. இரட்டை ஆட்சி மந்திரிக்கு மாதம் பல ஆயிரம் ரூபாய், 1937ல் காங்கிரஸ் மந்திரிகள் எடுத்துக்கொண்டது 500. ஜமீன்தாருக்கு இரண்டுமே கை செலவுதான் என்று நீங்கள் சொல்லலாம், அதுவும் சரி.

பக்கத்து ஊர் உறவையும் பாருங்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், கள்ளுக்கடை மறியல், சேரிகளில் வேலை. ஒரே தாலுகாவில் ஒருவர் ஆசிரமத்தில் ராட்டை சுற்றுகிறார், இன்னொருவர் கோட்டையில் முதல் மந்திரி. பத்து வருஷத்தில் ராட்டை சுற்றியவர் மாகாணப் பிரதம மந்திரி (1937க்குப் பின் முதல் மந்திரிக்கு அந்தப் பெயர்), பழைய முதல் மந்திரி அவருக்குக் கீழே மந்திரி. இதில் மனக்கசப்பு இல்லாமல் உட்கார ஒரு தனி மனசு வேண்டும். நான் வேலை பார்த்த ஆபீசில், ஒரு வருஷம் தனக்குக் கீழே இருந்தவன் மேலே வந்துவிட்டான் என்பதற்காக மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அமைச்சரவைதான் 1937 அக்டோபர் 1ல் மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில் தொடங்கியது. எங்கள் அப்பாரு இதைப் பற்றி மட்டும் ஜமீன்தாரை மன்னிக்கவே இல்லை.

ஜூன் 11

இந்தி. யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன், எடுத்துவிட்டீர்கள். "1938ல் கட்டாய இந்தி வந்தபோது கல்வி மந்திரி யார்? தமிழ்த் துரோகியைத் தூக்கி வைக்கிறீர்களே" என்று கடுமையாகவே வந்திருக்கிறது.

ஆமாம். 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று ஆணை வந்தது. கல்வித் துறை சுப்பராயனிடம். எதிர்த்து மறியல் செய்து கைதானவர்களில் நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் சிறைவாசத்தில் இறந்தார்கள். பெரியார் சிறைக்குப் போனார். 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது, 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் ஆணையை ரத்து செய்தார். பிடிவாதம் ராஜாஜியுடையது, அதனால் திட்டும் அவருக்கே போனது. கல்வி மந்திரி அந்தத் திட்டிலும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல பெயர் அடுத்தவருக்குப் போனது போலவே கெட்ட பெயரும் போயிற்று.

இதோடு விட்டால் கதை பாதிதான். 1955ல் நேரு அரசு ஆட்சி மொழி ஆணையம் அமைத்தது, தலைவர் பி. ஜி. கேர். மத்திய அரசின் மொழியாக இந்தி எப்படிப் படிப்படியாக ஆங்கிலத்தின் இடத்துக்கு வருவது என்று வழி சொல்ல வேண்டும். 1956ல் அறிக்கை கொடுத்தார்கள். உறுப்பினர்களில் இரண்டு பேர் பெரும்பான்மையோடு சேராமல் மாற்றுக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் வங்காளத்து மொழியறிஞர் சுனீதி குமார் சாட்டர்ஜி. இன்னொருவர் சுப்பராயன். இந்தி பேசாதவர்கள் மேல் இந்தியைத் திணிப்பது ஒற்றுமைக்கு உதவாது, ஆங்கிலம் தொடர வேண்டும் என்ற பக்கம் நின்றார்கள். அப்போது அவர் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர். ஆளும் கட்சியில் இருந்துகொண்டு, ஆளும் கட்சி அமைத்த ஆணையத்தில், எழுத்தில் "எனக்குச் சம்மதமில்லை" என்று பதிவு செய்வது மாலைக்குக் கழுத்து நீட்டுகிறவன் செய்கிற வேலை இல்லை.

அதற்கப்புறமும் நேரு அவரை 1959ல் மந்திரியாக்கினார் என்பதை நேருவின் கணக்கில் வைக்க வேண்டும்.

ஜூன் 11, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. 1938க்குப் பரிகாரமாக 1956ல் எழுதினாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ராஜாஜியும் 1950களின் கடைசியில் அதே பக்கம் திரும்பினார். கட்டாய இந்தி அமைச்சரவையின் பிரதம மந்திரியும் கல்வி மந்திரியும் இருபது வருஷத்தில் ஆங்கிலத்துக்கு வாதாடுகிற ஆட்களாகிவிட்டார்கள். முதலில் ராஜாஜியின் வாதத்தை இவர் பின்பற்றியிருப்பார் என்று தோன்றும். தேதியைப் பார்த்தால் குறிப்பு எழுதுவதில் சுப்பராயன் முந்தி. முழு மனமாற்றம் என்றும் சொல்ல முடியவில்லை. 1938ல் இவர் எதிர்க்கவில்லை என்பதை 1956 அழிக்காது. நடராசன் தாளமுத்து வீட்டுக்காரர்களுக்கு மாற்றுக் குறிப்பால் என்ன லாபம்?

ஜூன் 13

1947 உள்துறை. இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு.

அந்த அமைச்சரவை செய்த வேலை கொஞ்சமில்லை. ஜமீன் ஒழிப்பு மசோதா வந்தது அப்போதுதான், 1948 சட்டமாக. ஒரு ஜமீன்தார் உள்துறை மந்திரியாக இருக்கும் அமைச்சரவை ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் எழுதுகிறது. அப்பாரு இதையும் நம்பவில்லை, "எழுதினவனே ஜமீன்தார், அவன் நிலத்தை அவனே விடுவானா" என்பார். நான் வேலைக்கு வந்தபின் எஸ்டேட் கிராமங்களின் பழைய செட்டில்மென்ட் ரிக்கார்டுகள் என் கையில் வந்துபோயின. சட்டம் காகிதத்தில் நிற்கவில்லை, நிலம் ரயத்துவாரிக்கு, அதாவது உழவர் நேராக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு, மாறியது என்பதற்கு அவை சாட்சி. அப்பாரு இருந்திருந்தால் காட்டியிருப்பேன், அப்போதும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

வகுப்புவாரி ஆணையும் 1947 நவம்பரில் திருத்தப்பட்டது. பன்னிரண்டு பதினான்காயிற்று, பின்தங்கிய இந்துக்களுக்கு என்று முதல்முறையாகத் தனியாக 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 இருந்தது 2 ஆனது. 1951ல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றதும், அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் தெரிந்த கதை. 1928ல் முதல் மந்திரி, 1947ல் அமைச்சர். முதல் ஆணை அமலானபோதும் திருத்தம் வந்தபோதும் கோட்டையில் இருந்திருக்கிறார்.

இன்னொரு மனசு போலீஸ் பற்றியது. 1948ல் கம்யூனிஸ்ட் கட்சியின் கல்கத்தா மாநாட்டுக்குப் பின் மாகாணம் முழுவதும் அவர்கள் மேல் கெடுபிடி. உள்துறை இவரிடம். இவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட். 1941லேயே சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தியோடு தண்டனை வாங்கியவர். மகள் பார்வதியும் கம்யூனிஸ்ட், கட்சித் தோழர் என். கே. கிருஷ்ணனைக் கட்டியவர். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் படிக்க வைத்த பிள்ளைகள். மூத்தவர் மட்டும் ராணுவம், 1942ல் ஆப்பிரிக்கப் போர்முனையில் எதிரியிடம் கைதியாகி, பின்னாளில் 1966ல் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. இன்னொரு மகன் கோபால் அரசு நிறுவனங்களின் நிர்வாகத்துக்குப் போனார். ஒரே சாப்பாட்டு மேசையில் போலீஸ் மந்திரி, ராணுவ அதிகாரி, இரண்டு கம்யூனிஸ்டுகள். குழம்பு ஊற்றுவதற்குள் சண்டை வந்திருக்காதா?

ஜூன் 13, மாலை

சிரித்தவர்களுக்கு இன்னொன்று. 1954ல் சுப்பராயன் மாநிலங்களவைக்குப் போனபோது பார்வதி கிருஷ்ணனும் அதே சபையில், எதிர்வரிசையில். 1957ல் அப்பா திருச்செங்கோட்டில் காங்கிரஸ், மகள் கோயம்புத்தூரில் கம்யூனிஸ்ட், இரண்டு பேரும் ஜெயித்து மக்களவைக்குப் போனார்கள். 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம், தபால் தந்தி ஊழியர்கள் முன்வரிசையில். தபால் தந்தி மந்திரி அப்பா. கோவை மில் தொழிலாளர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசிய மகள் எதிரே. மோகன் பின்னர் காங்கிரசுக்கு வந்து இந்திரா அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை மந்திரியாகி 1973ல் விமான விபத்தில் போனார். சேலம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர். பேரன் ரங்கராஜனும் மத்திய மந்திரி, பா.ஜ.க. அரசில். மூன்று தலைமுறை, மூன்று நிறம்.

"குடும்ப அரசியல்" என்று உடனே எழுதாதீர்கள். அப்பா சொன்ன கட்சியில் பிள்ளை நின்றால் குடும்ப அரசியல். இங்கே அப்பாவின் போலீசுக்குப் பயந்து கட்சி ஒளிந்து திரிந்தது.

ஜூன் 16

கிரிக்கெட் கேட்டவருக்கு: முழு விவரம் வேறு இழையில் எழுதுகிறேன். இங்கே ஒன்று மட்டும். போபால் நவாப், ஜாம்நகர் திக்விஜய்சிங்ஜி என்று ராஜாக்கள் வைத்திருந்த வாரியத் தலைவர் நாற்காலிக்கு 1938ல் இவர் வந்து, உலகப்போர் முடிந்த மறுவருஷம் வரை எட்டு வருஷம் இருந்தார். ராஜாக்களுக்கும் பம்பாய்க்காரர்களுக்கும் ஒத்து வராதபோது யாருக்கும் விரோதியில்லாத ஒரு ஆள் வேண்டும் அல்லவா. நான் ஜூன் 5ந் தேதி எழுதியதுதான் அங்கேயும்.

ஜூன் 17

மூலப் பதிவுக்காரர் மறுபடி வந்து "கோயில் நுழைவையும் மாற்றுக் குறிப்பையும் ஏற்கிறேன், ஆனால் இரண்டுமே தோற்றவை" என்கிறார். முதலாவது தோற்றது உண்மை, வைசிராய் மறுத்தார். இரண்டாவதை அப்படிச் சொல்ல மாட்டேன். 1959ல் நேரு, இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நாடாளுமன்றத்தில் வாக்குறுதி கொடுத்தார். 1963ல் ஆட்சி மொழிச் சட்டம் 1965க்குப் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்றது. அது போதாதென்று 1965ல் தமிழ்நாடு தெருவில் இறங்கியது, 1967ல் சட்டம் திருத்தப்பட்டது. மாற்றுக் குறிப்பு தனியாக இதைச் செய்யவில்லை. ஆனால் பெரும்பான்மை அறிக்கை சொன்னதும் நடக்கவில்லை.

1963 சட்டத்தைப் பார்க்க அவர் இல்லை. பம்பாய் ராஜபவனில் ஆறு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. 1962 அக்டோபர் 6ந் தேதி காலமானார், வயது 73. அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் விஜயலட்சுமி பண்டிட்.

ஜூன் 17, பின்குறிப்பு

மோகன் பற்றிக் கேட்டவர்கள் தனியாகத் தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன். ராதாபாய் பற்றி யாராவது தொடங்கினால் சண்டை போடாமல் படிக்கிறேன்.